காரின் மேலே ஏற்றும் சுமை: பெட்ரோல் மட்டுமா போகிறது?

விடுமுறை வந்துவிட்டால் ஆட்கள் உள்ளே, பெட்டிகள் மேலே கேரியரில் என்று கட்டிக்கொண்டு காரில் வெளியூர் கிளம்புகிறோம். "மைலேஜ் கொஞ்சம் குறையும், அவ்வளவுதானே" என்பது பலருடைய எண்ணம். உண்மையில், எவ்வளவு சுமை என்பதோடு, அதை எங்கே வைக்கிறோம் என்பதும் மிக முக்கியம்.

முதலில் எரிபொருள். நின்ற வண்டியை நகர்த்தவும் மேடு ஏறவும் கூடுதல் எடைக்குக் கூடுதல் எரிபொருள் தேவை. பிரேக் போடும்போதெல்லாம் அந்த ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, சுமார் 45 கிலோ கூடினால் மைலேஜ் ஏறத்தாழ 1 சதவீதம் குறையலாம்.

நெடுஞ்சாலையில் பெரிய எதிரி காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். கூரைமேல் பெரிய பெட்டியைப் பொருத்தி மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், மைலேஜ் 10 முதல் 25 சதவீதம் வரை குறையலாம் என்கிறது அதே துறை. அதே சாமான் டிக்கிக்குள் இருந்தால் இந்த நஷ்டம் இல்லை.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. எடை மேலே ஏற ஏற வண்டியின் ஈர்ப்பு மையமும் உயர்கிறது. வளைவிலும், சட்டென்று ஸ்டியரிங்கைத் திருப்பும்போதும் வண்டி அதிகமாகச் சாயும், கவிழவும் கூடும். 1997இல் சுவீடன் பத்திரிகை ஒன்று, குறுக்கே வரும் விலங்கைத் தவிர்த்து ஓட்டுவது போன்ற சோதனையை மெர்சிடிஸ் ஏ கிளாஸ் காருக்கு வைத்தது. உயரமான வடிவம் கொண்ட அந்தக் கார் கவிழ்ந்தது. நிறுவனம் விற்பனையை நிறுத்தி, சஸ்பென்ஷனை மாற்றி, சறுக்கலைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.பி. வசதியையும் சேர்த்த பிறகே மீண்டும் விற்றது. கூரையில் பாரம் ஏற்றும்போது, நம் காரையும் அப்படி உயரமான வண்டியாக நாமே மாற்றுகிறோம்.

எனவே கனமான பெட்டிகளை டிக்கியின் அடியில், பின் இருக்கையை ஒட்டி வையுங்கள். மேலே வைத்தே ஆக வேண்டுமென்றால் இலேசான பொருட்களை மட்டும், கையேட்டில் உள்ள எடை வரம்புக்குள், இறுகக் கட்டுங்கள். முழுச் சுமைக்கான டயர் காற்றழுத்தம் பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பக்கக் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும். அதன்படி காற்று நிரப்புங்கள். வளைவுகளில் வேகத்தைக் குறையுங்கள். ஊர் திரும்பியதும் கேரியரைக் கழற்றிவிடுங்கள். காலியாக இருந்தாலும் அது காற்றைத் தடுத்து எரிபொருளைத் தின்னும்.