கற்பூரம்: உபயக்காரர்கள் அறிய வேண்டிய சில செய்திகள்

நம் ஆலயத்துக்கு உபயமாக வரும் பொருள்களில் விளக்கெண்ணெய்க்கு அடுத்தபடி அதிகம் சேர்வது கற்பூரம். அதைப் பற்றிச் சிறிது எழுதலாம் என்று எண்ணுகிறேன்.

துளசி, சந்தனம், வெட்டிவேர் ஆகியவற்றின் மணத்துக்குக் காரணம் அவற்றிலுள்ள, காற்றில் ஆவியாகிவிடும் எண்ணெய். கற்பூர மரத்தில் அதன் ஒரு பகுதி உறைந்து கட்டியாகிவிடுகிறது. திறந்து வைத்த சூடம் நாளுக்கு நாள் இளைப்பது இதனால்தான்.

சூடத்தின் மரம் சீனா, ஜப்பான், தைவான் நாடுகளுக்குரியது. கட்டையைச் சீவி நீராவியில் வடிப்பார்கள். இன்று விற்கப்படுவதில் பெரும்பகுதி பைன் மரப் பிசினின் டர்பெண்டைனிலிருந்து ஆலையில் செய்யப்படுவது.

பழம்பெருமை வாய்ந்த பச்சைக் கற்பூரத்தின் மரமோ நம் வட்டாரத்தது. மலாயில் 'காப்பூர்' என்பர். கெப்போங் வன ஆய்வுக் கழகத்தில் அண்ணாந்து பார்த்தால், ஒரு மரத்தின் கிளை அடுத்ததைத் தொடாமல் விலகி நிற்பதைக் காணலாம். எல்லா மரத்திலும் கற்பூரம் இராது. இருந்தால் தண்டின் வெடிப்புகளில் படிந்திருக்கும். ஜொகூர் காடுகளில் அதைத் தேடிய ஜக்கூன் மக்கள், தேடும் நாள்களில் வழக்கமான சொற்களை விலக்கி, அதற்கென்றே ஒரு தனிமொழி பேசினார்கள். ஏறக்குறைய நம் விரதம் போலத்தான்!

சுமத்திராவின் பாருஸ் துறைமுகம் இந்தச் சரக்குக்குப் பேர்போனது. அங்கே 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் பொறித்தது. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் அடுக்கும் கற்பூர வகைகளில் 'வாறோசு' என்பது இந்த ஊர்ப் பெயரே.

கற்பூரம் எரிந்தால் மிச்சமே இராது என்போம். சாம்பல் இராது, கரி உண்டு. மண்டப விதானத்துக்குச் சாயம் பூசும் செலவு நிர்வாகத்தாருக்குத்தான் தெரியும்.

முக்கியமானது ஒன்று. கற்கண்டு என்று நினைத்துக் குழந்தைகள் சூடத்தை வாயில் போட்டுவிடுவதுண்டு. சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும். ஒரு கிராம் அளவே சிறு குழந்தையின் உயிரைப் பறித்ததுண்டு. வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பச்சிளங்குழந்தைக்குச் சளி என்று தேங்காயெண்ணெயில் சூடம் காய்ச்சித் தேய்க்கும் பாட்டி வைத்தியமும் வேண்டாம். தோல் வழியாகவும் அது உடம்பில் இறங்கும். இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் 'ஜி6பிடி' குறைபாடு சோதிக்கப்படுகிறது. அக்குறைபாடு உள்ள வீட்டில் அந்துருண்டையும் கூடாது; அது இரத்த அணுக்களைச் சிதைக்கும்.

தீர்த்தத்தில் சூடம் எக்காரணம் கொண்டும் சேர்க்கலாகாது. உபயமாகக் கொண்டு வருவோர், பொட்டலத்தைச் சந்நிதிப் படியில் வைத்துவிட்டுச் செல்லாமல் அலுவலகத்தில் நேரில் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் படி, மூன்று வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது.