நடுங்கும் ஒளியை நேராக்கும் கண்ணாடி

விண்மீன்கள் மினுமினுப்பதைக் கண்டு மகிழாதவர் உண்டோ? ஆனால் வானியல் அறிஞர்களுக்கு அம்மினுமினுப்பே பெருந்தொல்லை! மினுக்குவது விண்மீனன்று, அதன் ஒளியை நடுங்கச் செய்வது நம் பூமியைச் சூழ்ந்துள்ள காற்றே. சித்திரை வெயிலில் நம் மண்ணூர்பேட்டை எம்.டி.எச். சாலையில், தாரின் மேல் சூடான காற்று எழும்போது தொலைவில் வரும் பேருந்து நெளிவதுபோல் தோன்றுகிறதல்லவா? அவ்வாறே சூடும் குளிரும் கலந்த காற்றைக் கடந்து வரும் விண்மீன் ஒளியும் நெளிகிறது.

ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்கு 1986-இல் திறக்கப்பட்ட தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் விட்டமுடையது. கண்ணாடி பெரிதானால் மிகுந்த ஒளியைத் திரட்டலாம். ஆயினும் காற்று நடுங்கினால் படம் கலங்கிவிடும்.

படம் கலங்கினால் என்ன நஷ்டம் என்று கேட்கிறீர்களா? நம் சூரியனைப் போலவே பிற விண்மீன்களையும் கோள்கள் சுற்றுகின்றன. அவை தம் விண்மீனைவிடப் பல்லாயிரம் மடங்கு மங்கலானவை. கலங்கரை விளக்கின் அருகே பறக்கும் மின்மினியைத் தொலைவில் நின்று தேடுவது போன்றது அவற்றைத் தேடுவது. விண்மீனின் ஒளி சற்றுப் பரவினாலும் கோள் அதில் மூழ்கிவிடும்.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழியே 'தகவமை ஒளியியல்'. ஒளியலை எவ்வாறு நெளிந்திருக்கிறது என்பதை ஒரு கருவி அளக்கிறது. கணினி உடனே கணக்கிடுகிறது. மெல்லிய கண்ணாடி ஒன்றின் பின்னாலுள்ள சிறு உந்திகள், அந்நெளிவுக்கு ஏற்றபடி அதை மயிரிழையினும் குறைவாக வளைக்கின்றன. அதில் பட்டுத் திரும்பும் ஒளி நேராகிவிடுகிறது. காற்று ஓயாது மாறுவதால், இத்தனையும் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நடைபெற வேண்டும்!

அமெரிக்க அறிஞர் ஹொரேஸ் பாப்காக் 1953-லேயே இக்கருத்தைச் சொன்னார். வேகமான கணினிகள் வரும்வரை அது காத்திருக்க நேர்ந்தது. 2008-இல் ஹவாய்த் தீவின் கெக், ஜெமினி தொலைநோக்கிகள் இம்முறையால், சுமார் 130 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எச்.ஆர். 8799 என்னும் விண்மீனைச் சுற்றும் மூன்று கோள்களைப் படமெடுத்துக் காட்டின. 2010-இல் நான்காவது கோளும் அங்கே தென்பட்டது.

காவலூரிலும் இம்முயற்சி தொடங்கியுள்ளது. இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தார் அங்குள்ள 1.3 மீட்டர் தொலைநோக்கியில், ஒளி அசையும் திசைக்கேற்பச் சாய்ந்து கொடுக்கும் கண்ணாடியைப் பொருத்திச் சோதித்துள்ளனர். இது முதற்படி, வளைந்து கொடுக்கும் கண்ணாடி அடுத்த படி.

தோழியரே! இன்று நாம் வகுப்பில் படிக்கும் ஒளி விலகலும் எதிரொளிப்புமே இவ்வளவுக்கும் அடிப்படை. அவற்றைத் தேர்வோடு மறந்துவிடாதிருப்போம். அடுத்த படிகளில் ஏறும் கால்கள் நம்முடையனவாகவும் இருக்கட்டுமே!