இடம்பெயர்ந்த ஒரு வீடு

கோட்-டெ-நெய்ஜில் குடியிருக்கும் எம்மவர்களில் புனித சூசையப்பர் ஆலயத்தை அறியாதவர் இல்லை. சைவரும் வேதக்காரரும் ஒன்றாகவே படியேறி மெழுகுதிரி கொளுத்தி வருகிறோம். ஆனால் அந்த ஆலயத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், டெசெல் அவனியூவில் ஒரு பழைய கல்வீடு நிற்பதை எங்களில் எத்தனை பேர் கவனித்திருப்போம்? வேலை முடிந்து 165ஆம் இலக்க பஸ்ஸில் தூங்கி வழிந்தபடி வீடு திரும்பும் நாங்கள், பல வருடங்களாக அதைக் கவனிக்கவேயில்லை.

அது 18ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட வீடு. அக்காலத்தில் இந்தப் பகுதி தோட்டங்களும் தோல் பதனிடும் தொழிலும் கொண்ட கிராமமாக இருந்தது. பிரான்சிலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் ஊர் முறைப்படி தடித்த கற்சுவரும் செங்குத்தான கூரையும் வைத்துக் கட்டினார்கள். எங்கள் நாற்சார் வீட்டில் மழை நடு முற்றத்தில் விழும். இங்கே பனி கூரையில் தங்காமல் வழுக்கி விழவேண்டும். அந்தந்த மண்ணுக்கு ஏற்ற வீடு.

இந்த வீடு முதலில் இருந்தது இப்போதைய இடத்தில் அல்ல. கோட்-டெ-நெய்ஜ் பெருவீதியில் இருந்தது. 1957ஆம் ஆண்டு அங்கிருந்து டெசெல் அவனியூவுக்கு இடம் மாற்றினார்கள். அதாவது, இதுவும் எங்களைப்போல் இடம்பெயர்ந்த வீடுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலால் வரும்போது இந்தக் கதையை எங்களோடு வந்த வயதான அம்மா ஒருவருக்குச் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் அந்த வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "வீட்டுக்கே வேற காணி குடுத்து வைச்சிருக்கிறாங்கள். எங்களுக்கு ஒரு இரவுதானே தந்தவங்கள்" என்றார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தை விட்டு மழைக்குள் நடந்தவர் அவர். நாங்கள் பதில் சொல்லவில்லை.

இங்கேயும் பழைய வீடுகள் எல்லாம் தாமாகத் தப்பவில்லை. கனடியப் பசிபிக் புகையிரதப் பாதையைக் கட்டி முடிப்பதில் முன்னின்ற வில்லியம் வான் ஹோர்னின் மாளிகை ஷேர்புரூக் வீதியில் இருந்தது. 1973இல் அதை இடித்துத் தள்ளினார்கள். அந்தக் கோபத்தில்தான் நகர மக்கள் ஒன்றுசேர்ந்தார்கள். 1975இல் கட்டடக் கலைஞர் பிலிஸ் லாம்பேர்ட் ஹெரிட்டேஜ் மொன்றியல் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1874இல் கட்டப்பட்ட ஷோனெசி வீட்டையும் அவரே வாங்கிக் காப்பாற்றினார். இன்று அது கனடியக் கட்டடக்கலை மையத்தின் ஒரு பகுதி.

பணமும் பெயரும் உள்ளவர்களால்தான் இது முடியுமா என்று கேட்பீர்கள். இல்லை. மில்ரன்-பார்க் பகுதியைப் பாருங்கள். அங்கே பழைய சாம்பல்நிறக் கல்வீடுகளை ஒரு நிறுவனம் வாங்கி, இடித்து, மாடிக் கட்டடங்கள் எழுப்பத் திட்டமிட்டது. அங்கு வாடகைக்கு இருந்த சாதாரண மக்கள் வருடக்கணக்காக எதிர்த்தார்கள். 1972இல் பலர் கைதானார்கள். ஒரு பகுதி வீடுகள் இடிபட்டுத்தான் போயின. ஆனாலும் 1979இல் மிஞ்சிய வீடுகளை மத்திய அரசின் வீடமைப்பு நிறுவனம் வாங்கியது. 1980களில் அவை திருத்தப்பட்டு, குடியிருப்போர் கூட்டுறவுச் சங்கங்களின் கைக்கு வந்தன. சுமார் 600 குடிமனைகள். இலாபத்துக்கு விற்க முடியாதபடி ஒழுங்கும் செய்துகொண்டார்கள். வாடகைக்கு இருந்தவர்கள் காப்பாற்றிய வீடுகள் அவை. நாங்களும் வாடகைக்கு இருப்பவர்கள்தான் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது எங்கள் ஊரை நினைத்துப் பார்ப்போம். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்களில் பலர், நீண்ட காலத்தின் பின் காணியைப் பார்க்கப் போனபோது வீடு நின்ற இடத்தில் வெறும் நிலத்தையே கண்டார்கள். அத்திவாரக் கல்கூட இல்லை. நல்லூர் மந்திரிமனையே சிதைந்து போயிருக்கையில், எங்கள் வீடுகளை யார் நினைக்கப் போகிறார்கள்?

நாங்கள்தான் நினைக்க வேண்டும். கியூபெக்கில் 2021இல் கொண்டுவந்த சட்டத்திருத்தம், 1940க்கு முன் கட்டப்பட்டு மரபுப் பெறுமதி உள்ள கட்டடங்களைப் பட்டியலிட வேண்டும் என்கிறது. ஒரு வீட்டைக் காப்பாற்றுவதற்கு முதற்படி அதை எழுதி வைப்பதுதான். எழுதாத வீடு இடிந்தால், இருந்ததென்று சொல்லவே ஆள் இருக்காது.

இதற்குக் காசு தேவையில்லை. ஒரு கொப்பி போதும். வீட்டை யார், எந்த வருடம் கட்டினார்கள், கல்லு எங்கேயிருந்து வந்தது, தலைவாசல் எந்தப் பக்கம், அடுப்படி எங்கே, கிணறு யாருடைய பங்கு என்று எழுதுங்கள். படம் கீறுங்கள். காணி உறுதியும் பழைய புகைப்படங்களும் இருந்தால் பிரதி எடுத்துச் சகோதரங்களிடமும் ஒவ்வொன்று கொடுத்து வையுங்கள். இவையெல்லாம் தெரிந்த பெரியவர்கள் எங்களோடு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். "ஓவர்ரைம் முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போட்டு, ஒரு செத்தவீட்டில் நின்று கவலைப்பட்டவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

அந்த அம்மாவுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தோம். முதலில், "எனக்கென்ன படம் கீறத் தெரியும்" என்றார். இப்போது மூன்று பக்கம் நிரம்பிவிட்டது. கிணற்றடியில் நின்றது தேசியா, மாதுளையா என்று ரொறன்ரோவில் இருக்கும் தங்கையோடு தொலைபேசியில் வாக்குவாதம் நடக்கிறது. பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருந்து கேட்கிறார்கள்.