குறியீட்டுக்குள் மறைந்த ஊர்ப்பெயர்

பண்டார் தெங்காரா, ஜொகூர் மாநிலத்தில் உள்ள ஒரு நகரம். இப்பெயரைத் தமிழில் தட்டச்சுச் செய்து இணையத்தில் தேடினால் சில வேளைகளில் ‘முடிவுகள் இல்லை’ என்னும் பதில் வரும். ஊரைப் பற்றிய செய்திகள் அத்தளத்தில் இருந்தும், தேடுபவருக்கு அவை கிட்டுவதில்லை. இதற்குக் காரணம் என்ன?

இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் பகுதி வினவல் சரம் எனப்படும். தேடும் சொல் இதில்தான் இடம்பெறும். ஆனால், முகவரியில் தமிழ் எழுத்துகளையோ இடைவெளியையோ அப்படியே அனுப்ப இயலாது. எனவே, கணினி அவற்றை விழுக்காட்டுக் குறியுடன் கூடிய குறியீடுகளாக மாற்றுகிறது. இடைவெளி %20 ஆகிறது. யூனிகோட் முறையில் புள்ளி, கால், கொம்பு ஆகியவையும் தனித்தனியே எண்ணப்படும். அதனால், பண்டார் தெங்காரா என்னும் பெயரில் 15 தமிழ்க் குறிகள் உள்ளன. ஒவ்வொன்றும் முகவரியில் 9 இடங்களைப் பிடிக்கும். இடைவெளிக்குரிய 3 இடங்களையும் சேர்த்தால் மொத்தம் 138.

இம்மாற்றம் ஒரு முறை நடந்தால் சிக்கல் இல்லை. பெறும் கணினி அதனை மீண்டும் தமிழாக்கிவிடும். முகவரி இன்னொரு நிரலின் வழியாகச் செல்லும்போது இரண்டாம் முறையும் மாற்றப்படுவதுண்டு. அப்போது % என்னும் குறியே %25 ஆகிவிடும்; %20 என்பது %2520 ஆகும். 138 இடங்கள் 230 ஆகப் பெருகும். பெறும் கணினி ஒரு முறை மட்டுமே அவிழ்ப்பதால், ஊர்ப்பெயருக்குப் பதிலாக வெறும் குறியீட்டையே தேடுகிறது.

இதனைச் சரிசெய்ய ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ எனப்படும் ஒழுங்குக் கோவை உதவுகிறது. இது குறிப்பிட்ட அமைப்பில் வரும் எழுத்துகளைத் தேடிப் பிடிக்கும் வாய்பாடு. கென் தாம்சன் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர், இதனைக் கொண்டு உரையில் தேடும் வழியை 1968இல் விளக்கினார்.

%25([0-9][0-9]) என்னும் கோவையை நோக்குக. [0-9] என்பது ஏதேனும் ஓர் இலக்கத்தைக் குறிக்கும். வளைவு அடைப்புக்குறி, அகப்பட்ட இரண்டு இலக்கங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளும். அவற்றின் முன் % மட்டும் இட்டு எழுதினால், %2520 மீண்டும் %20 ஆகிவிடும். தமிழ்க் குறியீடுகளில் ஆங்கில நெடுங்கணக்கின் முதல் ஆறு எழுத்துகளும் வரும். ஆகவே, சதுர அடைப்புக்குறிக்குள் அவற்றையும் சேர்க்க வேண்டும்.

கண்ணில் படும் %25 அனைத்தையும் % ஆக்கிவிடலாமே எனத் தோன்றலாம். அது தவறு. ‘50% கழிவு’ என்று தேடினால் அதிலுள்ள விழுக்காட்டுக் குறி முறையாகவே %25 ஆகிறது. அதனையடுத்து இலக்கம் வராமல் %20 வருவதால், மேற்கண்ட கோவை அதனைத் தொடாது. இருப்பினும், இருமுறை மாற்றப்பட்டது என உறுதியான முகவரியில் மட்டுமே, அதுவும் ஒரே ஒரு முறை, இக்கோவையைப் பயன்படுத்த வேண்டும். இரண்டாம் மாற்றம் எந்த நிரலில் நிகழ்கிறது என்று கண்டறிந்து அங்கேயே அதனை நிறுத்துவது நிலையான தீர்வாகும்.