எழுத்து தெரிகிறதா? (ஊசி, தொப்பி, உத்தியோகம் – 9)

இந்த வாரம் மகப்பேறு நர்ஸ் பிராக்டிஷனர் பற்றி எழுதுவதாகப் போன இதழில் வாக்குக் கொடுத்திருந்தேன். 1965-ல் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை ஆரம்பித்து வைத்த கதையும், ஐ.சி.யூ. பக்கத்து இரண்டு வருடப் படிப்பும் ஏற்கெனவே ஆயிற்று. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். வாக்கை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. காரணம், ஒரு சோதனைக் குழாய்.

ஹெத்தையம்மன் பண்டிகைக்கு நீலகிரியில் எங்கள் ஊரான ஜெகதளாவுக்கு வந்திருந்தாள் எதிர் வீட்டுப் பெண். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, கோவையில் ஒரு தனியார் ஐ.சி.யூ.வில் இரண்டு வருடம். கையில் கோடு போட்ட நோட்டு. அதில் மூன்று பத்திகள். முதலாவதில் கிரிட்டிக்கல் கேர், இரண்டு வருடம். அடுத்ததில் மகப்பேறு, பதினெட்டு மாதம். மூன்றாவதில் ‘ஜெர்மனி’ என்று மட்டும் எழுதி, பக்கத்தில் மொழி வகுப்புக் கட்டணம். அந்தப் பத்தி அவள் அப்பா சொல்லி எழுதியது என்று கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பேனா அழுந்தவே இல்லை.

“அக்கா, எதை எடுக்கிறது?” என்றாள். (அவள் கேட்டது படுக பாஷையில். தமிழில் எழுதினால் அதன் குழைவு போய்விடுகிறது.)

சம்பளத்தை விடு, இந்த இரண்டு வருடத்தில் எந்த நோயாளியின் முகம் மறக்க மாட்டேன் என்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தலூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன். கை கால் எலும்பெல்லாம் வலி என்று அலறினானாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. வலி ஊசிக்காக நடிக்கிறான் என்று வார்டில் ஒருவர் சொல்ல, இவளும் பாதி நம்பிவிட்டாள். அரிவாள் செல் நோய் என்று மறுநாள்தான் தெரிந்தது.

அன்று இரவு நான் எழுத உட்கார்ந்தது மகப்பேறு. எழுதியது இது.

அரிவாள் செல் என்றால் ஆப்பிரிக்கா என்று நினைப்போம். இந்தியாவில் அது முதன்முதலில் தென்பட்ட இடங்களில் ஒன்று நம் நீலகிரி! 1952-ல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இருவர் இங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து, அதை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். லேமன் ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதர். கட்புஷ் ஆஸ்திரேலியப் பெண்மணி. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் ‘டஃபி’ என்ற ரத்த வகையைக் கண்டுபிடித்த குழுவில் இருந்தவர். டஃபி என்பது ஒரு நோயாளியின் பெயர். ஊசி குத்த விட்டதற்கு இப்படி ஒரு சாசுவதம்!

இன்னொரு விசித்திரம். டஃபி இல்லாத ரத்தத்துக்கு ஒரு வகை மலேரியா அவ்வளவாக ஒட்டாது. தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அரிவாள் மரபணு வந்தால், வேறொரு கடும் மலேரியாவிடமிருந்து காப்பு. 1954-ல் ஆலிசன் என்பவர் இதைச் சொன்னார். இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் காப்பே வினையாகிறது: சிவப்பணு வளைந்து, குறுகிய நாளத்தில் அடைத்துக்கொண்டு, அந்தப் பையனைப் போல அலற வைக்கிறது. காய்ச்சலோ, தண்ணீர் குடிக்காததோ, குளிரோ போதும், வலி கிளம்பிவிடும். குளிருக்கு இந்த மலையில் என்ன குறை?

மலேரியா என்றதும் ரொனால்ட் ராஸ் நினைவுக்கு வருகிறார். 1897-ல் விடுப்பில் ஊட்டிக்கு வந்தவர், கொசுவைத் தேடிச் சீகூர் பக்கம் இறங்கினார். அங்கே அவருக்கே மலேரியா வந்தது. சில மாதம் கழித்து, ஆகஸ்ட் 20-ம் தேதி செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டார். சீகூரில் இதற்கு ஒரு கல்வெட்டாவது வைத்திருக்கலாம். சரி, அது வேறு தொடர்.

சோதனைக் குழாய்க்கு வருகிறேன். லேப் டெக்னீஷியன் தோழி ஒருத்தி அரிவாள் செல் சோதனையைச் செய்து காட்டினாள். குழாயில் கரைசல், அதில் ஒரு சொட்டு ரத்தம், சில நிமிடம் பொறுமை. குழாய்க்குப் பின்னால் அச்சடித்த தாளைப் பிடிக்க வேண்டும். எழுத்து தெரிந்தால் இல்லை. கலங்கி எழுத்து மறைந்தால் அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்தா, இரு பக்கத்திலிருந்துமா என்று அறிய அடுத்த கட்டச் சோதனை வேண்டும். அவள் கைக்கு அகப்பட்டது நம் வார இதழ். என் எட்டாவது அத்தியாயம். நோயுள்ள ஒருவரின் ரத்த மாதிரியை விட்டதும் நான் எழுதியது மூன்று நிமிடத்தில் காணாமல் போயிற்று. ஆசிரியர் கூட இவ்வளவு சீக்கிரம் வெட்டியதில்லை.

இதில் நர்ஸ் எங்கே வருகிறாள் என்பீர்கள். முழுக்க அவள்தான். கூடலூரில் அஸ்வினி அமைப்பு 1990-ல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையில், ஆதிவாசிப் பெண்களையே நர்சுகளாகப் பயிற்றுவித்தார்கள். பணியர் பழங்குடியினரின் வீட்டு வாசலில் நின்று பேச மொழி தெரிந்தவர் வேண்டுமே. அரிவாள் செல் நோயாளிக்கு அறுவை சிகிச்சையைவிட, ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை விடாமல் போகிறதா, தண்ணீர் குடிக்கிறானா, கல்யாணப் பேச்சு எடுக்கும் முன் இரு வீட்டுச் சோதனை முடிவும் பார்த்தாயிற்றா என்று வருடக்கணக்காக விசாரிக்கும் ஓர் ஆள்தான் தேவை. 2023 ஜூலை 1-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் ஏழு கோடிப் பேரைச் சோதிக்கப் போவதாக அறிவித்தது. சோதித்த பிறகு அந்த ஏழு கோடியில் நோயுள்ளவனின் கதவை யார் தட்டுவது?

நர்ஸ் பிராக்டிஷனர் என்றதும் நம்மூரில் ஐ.சி.யூ.வும் பிரசவ அறையும்தான் பேச்சில் அடிபடுகின்றன. இந்தக் கதவு தட்டும் வேலைக்குக் கிட்டத்தில் இருப்பது, நர்சிங் முடித்தவர்கள் ஆறு மாதப் பயிற்சியோடு துணை சுகாதார நிலையத்தில் சேரும் எம்.எல்.எச்.பி. (இடைநிலை சுகாதாரப் பணியாளர்) பணி. சம்பளம் தொகுப்பூதியம், அதனால்தான் அந்தப் பெண்ணின் நோட்டில் அதற்குப் பத்தியே இல்லை. ஐ.சி.யூ. படிப்பு மட்டம் என்று நான் சொல்லவில்லை. அங்கே நோயாளியைப் பத்து நாள் பார்க்கிறோம், இங்கே இருபது வருடம். எதற்குத் தன்னிடம் பொறுமை இருக்கிறது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை நோட்டோடு மறுபடி வந்தாள். நான்காவதாக ஒரு பத்தி போட்டிருந்தாள், தலைப்பு இல்லாமல். அதன் கீழே ஒரே ஒரு கேள்வி: “அரிவாள் செல் உள்ள பெண் கர்ப்பமானால்?”

அதற்குப் பதில் மகப்பேறுப் பத்தியில்தான் இருக்கிறது. அடுத்த வாரம், நிச்சயமாக.