தங்கம் போனது, தூசி தங்கியது

கோலார் தங்கவயலில் ஆடிக் காற்று வந்தால் அம்மி பறக்கிறதோ இல்லையோ, தூசி பறக்கும். பழைய சுரங்கங்களைச் சுற்றியுள்ள தொழிலாளர் குடியிருப்புகளின் முதுகில் நிற்கின்றன, 'சயனைடு மேடுகள்'. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டப்பட்ட கழிவு அது. 13 மேடுகளில் சுமார் 3.3 கோடி டன்.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கு கால்பதித்தபோது, பாறை உடைக்க வட ஆற்காடு, தருமபுரிப் பக்கத்திலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் வெளியேறியது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. மேடுகள் மட்டும் போகவில்லை.

இந்தத் தூசியின் கணக்கு இதுவரை ஆண்களின் நுரையீரலில்தான் எழுதப்பட்டது. சிலிக்கா துகள் நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிக்கோசிஸ் நோயை இந்திய மருத்துவ உலகுக்கு 1940களில் காட்டியதே இந்தச் சுரங்கங்கள்தான். சுரங்கத்தில் இறங்காத பெண்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. ஆனால் காற்று மாசு பற்றிய அண்மைக்கால ஆய்வுகள் விரல் நீட்டுவது அவர்கள் பக்கம்: குறிப்பாக, கர்ப்பிணிகளின் ரத்தச் சர்க்கரை.

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேகத்தைக் குறைக்கின்றன. கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்ட வேண்டும். முடியாதபோது சர்க்கரை ஏறுகிறது. 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை போய், உடலெங்கும் அழற்சியைத் தூண்டுகின்றன. அழற்சி இன்சுலினை மேலும் மந்தமாக்குகிறது. ஏற்கெனவே பாரம் ஏற்றிய வண்டியில் இன்னொரு மூட்டை.

சென்னை, டெல்லி நகரங்களில் 12,000 பேருக்கு மேல் ஏழாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2023இல் வெளியானது. நுண்துகளின் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் புதிதாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 22 சதவிகிதம் கூடியது. இது பொதுவான வயது வந்தோர் பற்றியது. கர்ப்பிணிகளைப் பற்றி அமெரிக்கா, சீனா, தைவான் நாடுகளில் நடந்த ஆய்வுகளில் பலவும் இதே திசையைக் காட்டுகின்றன; எல்லாம் அல்ல. வயது, எடை, பரம்பரை ஆகியவற்றின் பங்கும் பெரிது. தவிர, நகரத்து வாகனப் புகையும் தங்கவயலின் சிலிக்கா தூசியும் ஒன்றல்ல. தூசிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதற்காக அலட்சியம் செய்யவும் முடியாது.

ஏனெனில் விளைவு சிறியதல்ல. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் குழந்தை அளவுக்கு மீறிப் பருத்துப் பிரசவம் சிக்கலாகலாம். பிறந்ததும் குழந்தையின் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். தாய்க்கும் பிள்ளைக்கும் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம்.

கண்டுபிடிப்பதோ எளிது. சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் குழு தமிழ்நாட்டில் 12,000 கர்ப்பிணிகளைப் பரிசோதித்தபோது நகர்ப்புறத்தில் 17.8 சதவிகிதம் பேருக்கும், கிராமப்புறத்தில் 9.9 சதவிகிதம் பேருக்கும் இந்தப் பாதிப்பு இருந்தது. அவர் வலியுறுத்திய முறையில் வெறும் வயிறு கட்டாயமில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தால் போதும். 140 மில்லிகிராமைத் தொட்டால் கவனிக்க வேண்டும். முதல் பரிசோதனையிலும், 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் இதைச் செய்யச் சொல்கிறது மத்திய அரசின் வழிகாட்டி.

தங்கவயலில் அந்த இரண்டு மணி நேரம்தான் இடிக்கிறது. சுரங்கம் மூடியபின் ஊரின் பிழைப்பு பெங்களூர் ரயிலில் ஓடுகிறது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ஏறி, இருட்டியபின் திரும்பும் பெண்ணுக்குப் பகல்நேரப் பரிசோதனை என்றால் ஒருநாள் கூலி போச்சு. சர்க்கரை இருப்பதாகத் தெரிந்துவிட்டால் பலருக்கு உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியுமே போதும். சிலருக்கு மருந்தோ இன்சுலினோ தேவைப்படும். ஆனால் மேட்டுக் காற்றில் எங்கே நடப்பது? காற்று அடங்கிய வேளையில் நடப்பது, தூசி எழும்போது வீட்டுக்குள்ளேயே நடப்பது, ஈரத் துணியால் தரை துடைப்பது, விறகுப் புகையைத் தவிர்ப்பது: ஒரு குடும்பத்தால் முடிவது இவ்வளவுதான்.

மீதி அரசின் கையில். 13 மேடுகளில் மிஞ்சிய தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். வேலை வரும் என்ற நம்பிக்கை ஊரில் பிறப்பது இயல்பு. ஆனால் படிந்து கிடக்கும் மாவை மண்வாரி இயந்திரம் கிளறினால் முதலில் எழுவது தங்கமல்ல. தண்ணீர் தெளிப்பு, மூடிய லாரிகள், குடியிருப்புகளில் நுண்துகள் அளக்கும் கருவிகள் ஆகியவை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். தோண்டத் தொடங்குமுன்பே கர்ப்பிணிகளின் சர்க்கரைக் கணக்கையும் எடுத்து வைக்க வேண்டும். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம்.

தாத்தாக்களின் நுரையீரலைப் படமெடுத்துப் பார்த்தபோது காலம் கடந்திருந்தது. பேத்திகள் விஷயத்தில் ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீரே முன்கூட்டிச் சொல்லிவிடும்.