மின்கம்பம் வந்த வழியில் இணையமும் வரட்டும்

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கேபிள் மூலம் அதிவேக இணையம் தரும் பாரத்நெட் திட்டப் பணி, 2022 ஜூனில் கன்னியாகுமரி மாவட்டம் முத்தலக்குறிச்சி ஊராட்சியில் தொடங்கியது. மாநில அரசின் டான்ஃபினெட் நிறுவனம் இதைச் செயல்படுத்துகிறது. ஒவ்வொரு ஊராட்சிக்கும் விநாடிக்கு 1 ஜிகாபிட் வேகம் என்பது இலக்கு. இந்தக் கேபிளின் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைக்கப்படுவதில்லை. மின்வாரியக் கம்பங்களில்தான் கட்டப்படுகிறது.

இதில் நமக்கு ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. நம் குடியிருப்புகளுக்குச் சாலை, குடிநீர்க் குழாய், மயானப் பாதை என எது வர வேண்டுமானாலும், பல ஊர்களில் அது பிறர் வயலைத் தாண்டித்தான் வர வேண்டும். வயல்காரர் மறுத்தால் மனு, பேச்சுவார்த்தை, வழக்கு என்று ஆண்டுகள் ஓடிவிடும். மின்கம்பங்கள் மட்டும் இந்தத் தடையைத் தாண்டி எப்போதோ வந்துவிட்டன. ‘ஒரு குடிசைக்கு ஒரு விளக்கு’ திட்டத்தில் ஒற்றை பல்புக்காக நடப்பட்ட கம்பங்கள் பல, நம் தெருக்களில் இன்றும் நிற்கின்றன.

கம்பம் நிற்கும் நிலம் உரியவருக்கே சொந்தம். கம்பம் நடவும் கம்பி இழுக்கவும் பராமரிக்கவும் மட்டும் கிடைக்கும் உரிமையை ‘வழியுரிமை’ என்கிறோம். 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வந்த புதிய வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. மின்கம்பம் போன்ற தெருக் கட்டமைப்புகளில், உரிய அனுமதியுடன் தொலைத்தொடர்புக் கேபிள் கட்ட இந்த விதிகள் இடம் தருகின்றன. புதிதாகப் பள்ளம் தோண்ட வேண்டாம். புதுக் கம்பம் நட யாரிடமும் போய் நிற்கவும் வேண்டாம்.

ஆனால், பாரத்நெட் கேபிள் வந்து முடியும் இடம் ஊராட்சி அலுவலகம் அல்லது அதையொட்டிய சேவை மையம். அது பெரும்பாலும் ஊருக்குள் இருக்கிறது; நம் குடியிருப்பு தள்ளி இருக்கிறது. அங்கே வைஃபை வைத்தாலும் சில பத்து மீட்டருக்கு மேல் எட்டாது. கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகைப் பதிவு, போட்டித் தேர்வுப் பயிற்சி என எல்லாமே இணையத்துக்குப் போய்விட்ட காலம் இது. நம் வீட்டுப் பெண் பிள்ளை இரவு எட்டு மணிக்கு ஊர்த் தெருவைக் கடந்து, அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்து படித்துவிட்டு வர முடியுமா? 2020-ல் பள்ளிகள் மூடப்பட்டபோது சிக்னல் தேடி மேட்டுக்கும் மொட்டைமாடிக்கும் ஏறிய பிள்ளைகளை நாம் மறந்துவிடக் கூடாது.

தொழில்நுட்பம் இதற்குத் தடை இல்லை. கண்ணாடி இழையில் போவது ஒளி, மின்சாரம் அல்ல. கம்பங்களில் கட்டுவதற்கென்றே உலோகம் கலக்காத கேபிள் இருக்கிறது. ஒரே ஓர் இழையைப் பிரிப்பான் மூலம் 32 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஊராட்சி அலுவலகத்திலிருந்து நம் தெரு வரை, ஏற்கெனவே நிற்கும் கம்பங்களில் ஒரு கேபிள் இழுத்தால் போதும். ஆனால் இந்தக் கடைசித் தூரத்தை லாபக் கணக்குக்கு விட்டுவிட்டால், சந்தாதாரர் அதிகம் கிடைக்கும் தெருவுக்கே கேபிள் முதலில் போகும்.

பணத்துக்கும் வழி இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினர் வளர்ச்சி செயல் திட்டத்துக்கு மக்கள்தொகை விகிதப்படி நிதி ஒதுக்குவதற்காகத் தமிழ்நாடு அரசு 2024-ல் தனிச் சட்டமே இயற்றியுள்ளது. 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. அந்த நிதியில், நம் குடியிருப்பிலுள்ள நூலகம், அங்கன்வாடி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, மாணவர் விடுதி ஆகியவற்றுக்கு முதலில் இணைப்புத் தரலாம். அங்கிருந்து வீடுகளுக்குக் கொண்டுபோவது எளிது.

கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. படிக்கும் பிள்ளைகள் அதற்கு முன்பே ஒரு வேலை செய்யலாம். ஊராட்சி அலுவலகத்திலிருந்து நம் தெருக்கோடி வரை எத்தனை கம்பங்கள் உள்ளன, எவை சாய்ந்துள்ளன என்று எண்ணி எழுதுங்கள். கம்பத்தில் ஏறவோ கேபிளைத் தொடவோ வேண்டாம்; அது மின்வாரிய அனுமதி பெற்ற பணியாளர்களின் வேலை.

அந்தக் கணக்கோடு சபையில் மூன்று கேள்விகள் கேட்போம். நம் ஊராட்சிக்குக் கேபிள் வந்துவிட்டதா? வந்திருந்தால் இணைப்பு வேலை செய்கிறதா? நம் குடியிருப்புக்கு எப்போது வரும்? பதிலைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, அதன் நகலைக் கேட்டு வாங்குவோம்.

மின்சாரம் ஊருக்கு வந்து, வெகுநாள் கழித்துத்தான் நம் தெருவுக்கு வந்தது. இணையத்துக்கும் அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கான கம்பங்கள் நம் வாசலிலேயே நிற்கின்றன.